கருவின் படலையும் கைப்பையில் இருக்கும் குளிசையும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது திருத்தப்பட்டது.)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, “பெண் கல்வியின் நூறு ஆண்டுகள் பற்றிப் பேசுங்களேன்” என்றார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள், நான் உயிரியல் கற்பித்தவள், எனக்குத் தெரிந்ததைப் பேசுகிறேன் என்றேன். சற்றுத் தயங்கிவிட்டு, “சரி, ஆனால் முன்வரிசையில் இருக்கிற அம்மம்மாமாருக்கும் விளங்க வேணும், பின்வரிசைப் பிள்ளைகளும் தூங்கக் கூடாது” என்று நிபந்தனை போட்டார். முயன்று பார்க்கிறேன்.

சாதாரண தரத்தில் நாம் எல்லோரும் கலத்தின் படம் கீறியிருக்கிறோம். பெரிய வட்டம், நடுவில் சின்ன வட்டம். சின்ன வட்டம்தான் கரு. அதைச் சுற்றி இரட்டைக் கோடு, கருமென்சவ்வு. அந்தக் கோட்டில் ஆங்காங்கே சிறு இடைவெளி விட்டுப் புள்ளி வைத்து “கருத்துளை” என்று பெயரிட வேண்டும். அந்தப் புள்ளிக்கு ஒரு புள்ளி. பரீட்சை முடிந்தால் மறந்துவிடுவோம். அந்த ஒரு புள்ளிக்குரிய விடயத்தைத்தான் இன்று முழுநேரமும் பேசப் போகிறேன்.

அதற்கு முன் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் இருந்து வந்த ஒரு தோழியிடம் “கலம்” என்றேன், அவர் பாத்திரம் என்று நினைத்துவிட்டார். அங்கே செல், உட்கரு, மரபணு. இங்கே கலம், கரு, பரம்பரை அலகு. இந்தச் சொற்கள் வானத்தில் இருந்து விழவில்லை. 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியபோது அதற்குத் தலைமை வகித்தவர் நமது காரைதீவு மண்ணில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். யாழ்நூல் எழுதியவர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் போதிய அளவு சொல்வதில்லை. பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அதனால்தான் ஒரு மாளிகைக்காட்டுப் பிள்ளையான நான் உயர்தரம் வரைக்கும் உயிரியலைத் தாய்மொழியில் படிக்க முடிந்தது. இன்று நான் இங்கே சொல்லப் போவதையும் தமிழில் சொல்ல முடிகிறது.

இனி விடயத்துக்கு வருவோம்.

நமது உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இருக்கும் டீ.என்.ஏ. இழைகளை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீற்றர் நீளம் வரும். இந்த முழு நீளமும் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த அகலமுள்ள கருவுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. (குருதியில் ஓடும் சிவப்புக் கலத்துக்கு மட்டும் கரு இல்லை. பிள்ளைகளே, இது வினாத்தாளில் வரும்.) ஈரல் கலத்திலும் கண்ணின் கலத்திலும் இருப்பது ஒரே டீ.என்.ஏ.தான். எது ஈரல், எது கண் என்று தீர்மானிப்பது, எந்தப் பரம்பரை அலகு எப்போது வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று கட்டளையிடும் சில புரதங்கள். ஆனால் புரதங்கள் எல்லாம் கருவுக்கு வெளியே, குழியவுருவில்தான் தயாராகின்றன. கட்டளையிடும் புரதம் வெளியே பிறக்கிறது, அது வேலை செய்ய வேண்டிய இடம் உள்ளே. நடுவில் இரட்டைச் சுவர். போக இருக்கும் ஒரே வழி அந்தக் கருத்துளை.

நம் ஊர் வளவுகளைச் சுற்றிக் கிடுகு வேலி இருந்த காலம் முன்வரிசையில் இருப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வேலியில் ஒரு படலை. கோழிக்குஞ்சு படலைக் கம்புகளுக்குள்ளால் நுழைந்து போகும், மாடு போக முடியாது. கருத்துளையும் அப்படித்தான். ஏறத்தாழ 40 கிலோடால்டன் வரையுள்ள சின்ன மூலக்கூறுகள் தாமாகவே நுழையும். அதைவிடப் பெரியவை யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. ஒரு மனிதக் கலத்தின் கருவைச் சுற்றி இப்படி ஆயிரக்கணக்கான படலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு படலையும் ஏறத்தாழ 30 வகைப் புரதங்கள், எண்ணிக்கையில் ஆயிரம் அளவுக்குச் சேர்ந்து கட்டியது. ஒரு படலைக்குள்ளால் ஒரு செக்கனில் ஆயிரம் அளவான மூலக்கூறுகள் போய்வருகின்றன. நெரிசல் இல்லை, சண்டை இல்லை. கல்முனைச் சந்தியில் நிற்கும்போது இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

யாரை உள்ளே விடுவது என்று படலைக்கு எப்படித் தெரியும்? இதற்கு விடை தந்தது ஒரு தவளையின் முட்டை. ஆபிரிக்க நகத் தவளையின் முட்டைக் கலத்தில் கரு அவ்வளவு பெரிது, வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். 1982இல் கொலின் டிங்வோல், ரொன் லாஸ்கி ஆகியோர் இங்கிலாந்தில் அந்தத் தவளையின் நியூக்கிளியோபிளாஸ்மின் என்ற புரதத்தை எடுத்தார்கள். அந்தப் புரதத்துக்கு ஒரு உடலும் வால்களும் உண்டு. வாலை வெட்டிவிட்டு உடலை மட்டும் குழியவுருவில் ஊசியால் ஏற்றினார்கள், அது வெளியிலேயே நின்றுவிட்டது. வாலை மட்டும் ஏற்றினார்கள், அது நேரே கருவுக்குள் போய்விட்டது. வாலில்லாத உடலைக் கருவுக்குள்ளேயே ஏற்றினால் அது உள்ளேயே தங்கியது. ஆகவே உள்ளே போவதற்கான அனுமதி வாலில் எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து வால்களில் ஒன்று மிஞ்சினாலும் முழு உடலையும் அது இழுத்துக்கொண்டு போனது. எவ்வளவு எளிமையான பரிசோதனை பாருங்கள். வகுப்பில் இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷம் வரும்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு, 1984இல், அந்த அனுமதிச் சீட்டையே எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டார்கள். டானியல் கால்டெரோனும் அலன் ஸ்மித்தும் அவர்களது குழுவினரும் ஒரு குரங்கு வைரசின் புரதத்தில் வெறும் ஏழு அமினோவமிலங்கள் கொண்ட துண்டைக் கண்டார்கள். அதில் பெரும்பாலும் லைசீன். நடுவில் ஒரேயொரு லைசீனை மாற்றிவிட்டால் புரதம் படலைக்கு வெளியே நின்றது. அந்தத் துண்டை, கருவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு நொதியத்தில் கொண்டுபோய் ஒட்டினால் அந்த நொதியமும் கருவுக்குள் போய்விட்டது. புரதங்கள் தாம் போக வேண்டிய முகவரியைத் தம்மிலேயே எழுதி வைத்திருக்கின்றன என்ற கருத்துக்காக கியுன்டர் புளோபெல் 1999இல் நோபல் பரிசு பெற்றார். அவர் சிறுவனாக இருந்தபோது, குண்டு வீசி அழிக்கப்படுவதற்கு முன் டிரெஸ்டன் நகரத்தைப் பார்த்தவர். பரிசுப் பணத்தில் ஏறக்குறைய முழுவதையும் அந்த நகரத்தின் தேவாலயத்தை மீளக் கட்டவும் புதிய யூதத் தொழுகை இல்லம் கட்டவும் கொடுத்துவிட்டார். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் ஒரு சுவரையாவது மீளக் கட்டியவர்களுக்கு அந்த மனம் விளங்கும்.

சீட்டு இருந்தால் மட்டும் போதாது, கூட்டிப்போக ஆள் வேண்டும் என்றேன். அந்த ஆட்களுக்கு இம்போர்ட்டின் என்று பெயர். 1990களின் நடுப்பகுதியில் கண்டுபிடித்தார்கள். இம்போர்ட்டின் ஓர் ஓட்டோக்காரர் மாதிரி. வெளியே சீட்டு வைத்திருக்கும் புரதத்தை ஏற்றிக்கொண்டு படலைக்குள்ளால் போவார். உள்ளே ராண் என்ற சின்னப் புரதம் காத்துக்கொண்டிருக்கும். ராண் ஏறினால்தான் வந்த பயணி இறங்குவார். ஓட்டோ ராணை ஏற்றிக்கொண்டு வெளியே வரும். வெளியே வந்ததும் ராணிடம் இருக்கும் சக்திப் பொருள் உடைந்து ராண் இறங்கிவிடும், ஓட்டோ அடுத்த பயணிக்குத் தயார். ஏறுகிற நிலையில் இருக்கும் ராண் உள்ளே மட்டும்தான் அதிகம் இருக்கும் என்பதால்தான் சரக்கு எப்போதும் உள்ளேயே இறங்குகிறது, நடுவழியில் இறங்குவதில்லை. வாடகையை இந்த ஒழுங்குக்குத்தான் கொடுக்கிறோம். படலையைக் கடப்பது இலவசம்.

இனிப் படலை அம்மம்மாமாரின் கைப்பைக்கு வருகிறது.

சில கட்டளைப் புரதங்கள் எப்போதும் உள்ளே போவதில்லை, வெளியே காத்து நிற்கும். கையில் அனுமதிச் சீட்டு இருக்கும், ஆனால் மடித்து மறைத்து வைத்திருக்கும். ஒரு செய்தி வந்தால்தான் விரிக்கும். அவற்றில் எனக்கு மிக நெருங்கியது கோட்டிசோல் வாங்கி. நமது சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அதிரினல் சுரப்பி கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கிறது. விடியற்காலையில், ஏறத்தாழ சுபஹு நேரத்தில் அதன் அளவு உச்சத்துக்கு வரும். அது கொழுப்பில் கரைவதால் கலத்தின் வெளிச்சவ்வைச் சுலபமாகக் கடந்து குழியவுருவுக்குள் வந்துவிடும். அங்கே 777 அமினோவமிலங்கள் கொண்ட அதன் வாங்கி, வேறு சில துணைப் புரதங்கள் பிடித்துக்கொண்டிருக்கக் காத்து நிற்கிறது. கோட்டிசோல் வந்து பொருந்தியதும் வாங்கியின் வடிவம் மாறும், மறைந்திருந்த சீட்டு வெளியே தெரியும், சில நிமிடங்களில் கருவுக்குள் போய்விடும். அந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்பதை 1987இல் டிடியே பிக்கார்டும் கீத் யமமோட்டோவும் காட்டினார்கள். துணைப் புரதங்கள் வெளியிலேயே கழன்றுவிடும் என்றுதான் நான் பல வருடம் கரும்பலகையில் எழுதினேன். அவையும் கூடவே படலை வரை போய் உள்ளேதான் கழல்கின்றன என்பதற்கு இப்போது சான்றுகள் இருக்கின்றன. என்னிடம் படித்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

உள்ளே போன வாங்கி டீ.என்.ஏ.யில் தனக்குரிய இடங்களில் போய் உட்காரும். பல பரம்பரை அலகுகளைத் தூண்டும், பலவற்றை அடக்கும். அழற்சியை மூட்டிவிடும் இன்னொரு கட்டளைப் புரதம் உண்டு. 1986இல் டேவிட் பால்டிமோரின் ஆய்வுகூடத்தில் ரஞ்சன் சென் அடையாளம் கண்ட என்.எஃப். கப்பா பி. அதுவும் வெளியே கட்டிவைக்கப்பட்டு, கட்டவிழ்ந்ததும் படலையால் உள்ளே ஓடுவதுதான். கோட்டிசோல் வாங்கி அதன் வேலையையும் முடக்கும். வீக்கம், சிவப்பு, வலி குறைவது இதனால்தான்.

பிரட்னிசலோன், டெக்சாமெதசோன், ஹைட்ரோகோட்டிசோன், முட்டுக்காரரின் மண்ணிறப் பம், தோலுக்குப் பூசும் பெட்டாமெதசோன் கிறீம் எல்லாம் செய்வது இதே வேலைதான். கோட்டிசோலின் உருவத்தில் வந்து அதே வாங்கியை எழுப்பி அதே படலையால் அனுப்புகின்றன. 1948 செப்டம்பரில் அமெரிக்காவில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், மூட்டு வாதத்தால் படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதன்முதலில் கோட்டிசோன் ஊசி போட்டார். ஒரு வாரத்துக்குள் அந்தப் பெண் எழுந்து கடைக்குப் போனார். 1950இல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு. அற்புத மருந்து என்று உலகம் கொண்டாடியது. அதன் மறுபக்கம் தெரிய அதிக காலம் எடுக்கவில்லை.

அந்த மறுபக்கத்தை நான் எங்கள் வீட்டில் பார்த்தேன்.

நான் உயர்தரம் படித்த காலத்தில் எங்கள் உம்மாவுக்கு மூட்டு வாதம். காலையில் விரல்களை மடக்க முடியாது, ரொட்டிக்கு மாப் பிசைய முடியாது. ஓரிடத்தில் சின்ன வெள்ளைக் குளிசை கொடுத்தார்கள். காகிதப் பையில் எத்தனை குளிசை, எந்த நேரம் என்று மட்டும் எழுதியிருந்தது. உம்மா சுகமாகிவிட்டா. பல மாதம் தொடர்ந்து போட்டா. முகம் உருண்டு நிலா மாதிரி ஆனது, கை கால் மெலிந்தது. கல்யாண வீட்டில் யாரோ, “மருந்து உங்கட உடம்பைக் கெடுக்குது, வீசிப்போட்டு ஆறுதலா இருங்க” என்றார்கள். அன்று மாலையே உம்மா குளிசைப் பையை அடுப்பில் போட்டுவிட்டா. மூன்றாம் நாள் ஓயாத வாந்தி. பிறகு எழுப்ப முடியாத மயக்கம். பிரஷர் இறங்கிக் கைகால் குளிர்ந்துவிட்டது. ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரவுக் கடமையில் இருந்த இளம் டொக்டர் ஒரே கேள்விதான் கேட்டார், “வெள்ளைக் குளிசை போட்டவவா, எப்ப நிப்பாட்டின?” ஊசியும் சேலைனும் ஏற்றினார்கள். விடியும்போது உம்மா கண் திறந்து தண்ணீர் கேட்டா.

அந்த இரவில் எனக்குக் கருமென்சவ்வின் படம் மனப்பாடம். கருத்துளைக்கு ஒரு புள்ளி என்றும் தெரியும். ஆனால் என் உம்மாவுக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே விடயம் என்று விளங்க எனக்கு இன்னும் பல வருடம் எடுத்தது.

நடந்தது இதுதான். வெளியில் இருந்து குளிசை வந்துகொண்டே இருந்தால் மூளையின் அடிப்பாகத்தில் இருக்கும் கலங்களின் வாங்கிகளும் கருவுக்குள் போய், “இங்கே போதும், இனிச் சுரக்கச் சொல்ல வேண்டாம்” என்று அந்தச் செய்திக்குரிய பரம்பரை அலகுகளை அடக்கிவிடுகின்றன. செய்தி வராததால் அதிரினல் சுரப்பி வேலையின்றிச் சுருங்கிப் போகிறது. மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்து போட்டவருக்கு இது நடக்கலாம். குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பில் கோட்டிசோலே இல்லாத நிலை. கோட்டிசோல் இல்லாமல் பிரஷரை நிலைநிறுத்த முடியாது, சீனியை நிலைநிறுத்த முடியாது. சுரப்பி மறுபடி எழும்பக் கிழமைகளோ மாதங்களோ எடுக்கும். அதனால்தான் டொக்டர்மார் சிறிது சிறிதாகக் குறைக்கச் சொல்கிறார்கள். காலையில் போடச் சொல்வதும் உடம்பின் சொந்தச் சுரப்பு நேரத்தோடு ஒத்துப்போகத்தான். உம்மாவின் காகிதப் பையில் “தானாக நிறுத்தக் கூடாது” என்று மூன்று சொல் எழுதியிருந்தால் போதும். அவ தமிழ் நன்றாக வாசிப்பா.

இந்தச் சபையில் யாராவது இதே குளிசையைப் போடுகிறவராக இருந்தால், அல்லது வீட்டில் ஒருவர் போட்டால், கைப்பையில் ஒரு துண்டில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வையுங்கள். காய்ச்சல், விபத்து, சத்திரசிகிச்சை என்று ஆசுபத்திரிக்குப் போனால் முதலில் அதைக் காட்டுங்கள். அந்த நேரங்களில் சுகமான சுரப்பி தானாகவே அதிகம் சுரந்திருக்கும். அமுங்கிப்போன சுரப்பியால் முடியாது.

அடுத்தது பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும். வெள்ளையாக்கும் கிறீம்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பொம்பிளைக்குப் பூசுகிற கிறீம் எது என்று நான் பெயர் சொல்லத் தேவையில்லை. பெயரே இல்லாத சின்னச் சிமிழ்களும் உண்டு. அவற்றில் பலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது, அது தனிக்கதை. வேறு பலவற்றில் இருப்பது வீரியமான ஸ்டீரொயிட். அது பூசியதும் தோலின் குருதிக்குழாய்கள் சுருங்கி முகம் வெளுக்கும். நாளடைவில் நிறப்பொருள் உருவாவதும் குறையும். ஒரு வாரத்தில் “நல்லா வெளுத்திருக்கா” என்று எல்லோரும் சொல்வார்கள். அதே நேரம் வாங்கி கருவுக்குள் போய்த் தோலைத் தாங்கும் கொலாஜன் புரதத்தின் பரம்பரை அலகையும் அடக்கிக்கொண்டிருக்கிறது. தோல் மெலியும், சிவப்பு நரம்பு தெரியும், பரு வெடிக்கும், ரோமம் வளரும். கிறீமை நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும், அதனால் மறுபடி பூசுவார்கள். இந்தியாவில் 12 நிலையங்களில் முகத்தோல் நோய்களோடு வந்த 2926 பேரைப் பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் 433 பேர் இப்படி ஸ்டீரொயிட் பூசிக்கொண்டிருந்தவர்கள். அங்கே 2018இல் அத்தகைய பல கிறீம்களை மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கத் தடை செய்தார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சிவந்த பொம்பிளை வேண்டும் என்று கேட்கும் மாமிமார் இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள். கோபிக்க வேண்டாம், நானும் ஒரு மாமிதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஸ்டீரொயிட் என்றாலே விஷம் என்று முடிவு கட்டினால் நான் இவ்வளவு நேரம் பேசியது வீண். முட்டு வருத்தமுள்ள பிள்ளைகளின் தாய்மார் இரண்டு பம் வைத்திருப்பார்கள். நீலப் பம் சில நிமிடங்களில் மூச்சைத் திறக்கும், ஏனென்றால் அதன் வேலை கலத்தின் மேற்பரப்பிலேயே முடிந்துவிடும். மண்ணிறப் பம் அடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. வாங்கி கருவுக்குள் போக வேண்டும், பரம்பரை அலகு பிரதியாக வேண்டும், புரதம் உருவாக வேண்டும். மணித்தியாலங்களும் நாட்களும் எடுக்கும். “இது வேலை செய்யுதில்ல” என்று மண்ணிறத்தை மூலையில் போட்டுவிட்டு நீலத்தையே அடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைதான் ஒரு நாள் நள்ளிரவில் ஆசுபத்திரிக்கு வருகிறது. மண்ணிறப் பம்மில் மருந்து நேரே சுவாசப்பைக்குப் போகிறது, உடம்பு முழுதும் பரவும் அளவு குளிசையோடு ஒப்பிட மிகக் குறைவு. அடித்த பிறகு வாயைக் கொப்பளித்தால் போதும்.

இன்னொன்று. நியூசிலாந்தில் கிரகாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேற்று மருத்துவர் செம்மறி ஆடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீரொயிட் கொடுத்த தாயாட்டுக்குக் குறைமாதத்தில் பிறந்த குட்டி, செத்திருக்க வேண்டியது, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதைக் கவனித்த அவரும் ரொஸ் ஹோவியும், குறைமாதப் பிரசவ ஆபத்திலிருந்த 282 தாய்மாரை வைத்து ஆய்வு செய்து 1972இல் வெளியிட்டார்கள். ஊசி போட்ட தாய்மாரின் பிள்ளைகளில் முதல் நாட்களில் இறந்தவை 100க்கு 3 அளவில், போடாதவர்களின் பிள்ளைகளில் 100க்கு 15. தாய்க்குப் போட்ட ஊசி நச்சுக்கொடியைக் கடந்து, பிள்ளையின் சுவாசப்பைக் கலங்களின் கருவுக்குள் வாங்கியை அனுப்பி, சுவாசப்பை ஒட்டிக்கொள்ளாமல் வைத்திருக்கும் பொருளை முன்கூட்டியே தயாரிக்கச் செய்கிறது. அதற்கு ஒரு நாள் அவகாசம் கிடைத்தால் நல்லது. ஆகவே மாதம் நிறையுமுன் நோவு வந்தால் “விடியட்டும்” என்று காத்திருக்காதீர்கள். இன்றைய கூட்டத்தில் குறைமாதத்தில் பிறந்து இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும், அவர்களின் தாய்மார் எனக்குத் தலையசைக்கிறார்கள்.

கொரோனா காலத்திலும் இந்தப் படலை இரண்டு விதமாகச் செய்தியில் வந்தது. 2020 ஜூனில் ஒக்ஸ்போர்டில் இருந்து வந்த முடிவு, செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளரின் மரணத்தை டெக்சாமெதசோன் மூன்றில் ஒரு பங்கால் குறைக்கிறது என்றது. ஒட்சிசன் தேவைப்படாதவருக்கு அதனால் நன்மை இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. அந்த இரண்டாம் வசனத்தைப் பலர் வாசிக்கவில்லை. மற்றது ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து. அவுஸ்திரேலியாவில் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் அது இம்போர்ட்டினைத் தடுக்கிறது என்று ஆய்வுகூடத்தில் கண்டிருந்தார்கள். ஓட்டோவை மறித்தால் வைரசின் புரதம் உள்ளே போகாது என்ற எண்ணம் அழகானதுதான். கண்ணாடித் தட்டில் பலித்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் நோயாளருக்குப் பலன் இல்லை.

இறுதியாக, பெண்கள் பாடசாலை என்பதால் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. தாயின் வயிற்றில் ஆண் உடலை உருவாக்கக் கட்டளையிடுவது வை நிறமூர்த்தத்தில் இருக்கும் எஸ்.ஆர்.வை. என்ற புரதம். அதன் அனுமதிச் சீட்டில் ஓர் எழுத்துப் பிழைத்தால் அது கருவுக்குள் போதிய அளவு போகாது. அந்தப் பிள்ளை பெண்ணாகவே பிறந்து பெண்ணாகவே வளரும். வயதுக்கு வரவில்லை என்று தெரியும்போதுதான் டொக்டரிடம் போவார்கள். மிக அரிது, வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பதினாறு வயதாகியும் வயதுக்கு வராத பிள்ளையை வீட்டுக்குள் மறைத்து வைத்து, செய்வினை என்று நூல் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அது யாருடைய பாவமும் இல்லை. டொக்டரிடம் காட்டினால் செய்ய வேண்டிய சிகிச்சைகள் இருக்கின்றன.

உரை முடிந்த பின் இரண்டு கேள்விகள் வந்தன. மலரில் சேர்க்கச் சொன்னார்கள்.

நிந்தவூரில் இருந்து வந்திருந்த ஒரு தங்கச்சி, பிரட்னிசலோன் போடுகிறவர் நோன்பு பிடிக்கலாமா என்று கேட்டார். ஒவ்வொருவரின் வருத்தத்தையும் அளவையும் பொறுத்தது. நோன்பு தொடங்க முன்னரே டொக்டரிடம் போய்க் கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வேளை போடுகிற பலருக்கு ஸஹர் நேரத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள், சிலரை நோன்பு வேண்டாம் என்பார்கள். பிடிப்பதற்காகத் தானாகக் குளிசையை விடுவது மட்டும் கூடாது.

மற்றது ஒரு மூத்த அக்கா கேட்டது. தொண்டைக்கு அதிமதுரம் சப்புவது நல்லதுதானே, அதற்கும் இந்தக் கோட்டிசோலுக்கும் ஏதும் உறவு உண்டா? உண்டு அக்கா. சிறுநீரகத்தில் உப்பைக் காக்கும் இன்னொரு வாங்கி இருக்கிறது. அதைக் கோட்டிசோல் எழுப்பிவிடாமல் ஒரு நொதியம் காவல் நிற்கிறது. அதிமதுரத்தில் உள்ள பொருள் அந்தக் காவலைத் தடுக்கும். எப்போதாவது ஒரு துண்டு பரவாயில்லை. பிரஷர் குளிசை போடுகிற நீங்கள் தினமும் சப்பினால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அவர் கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.